விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு டாஸ்க் மேனேஜரில் தெரியாத பெயர்கள் நிறைய ஓடுகின்றன. இவை வைரஸா? நிறுத்திவிடலாமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து இதே கேள்வியை நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்தேன்: விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சர்ச் இண்டெக்ஸர், கூடவே வரிசையாக சர்வீஸ் ஹோஸ்ட். எல்லாமே விண்டோஸுக்குச் சொந்தமான பெயர்கள். போலியாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். அதுவரை எதற்கும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்காதீர்கள்.

அப்கிரேட் முடிந்து டெஸ்க்டாப் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் மிச்சமிருக்கும் அப்டேட்களைப் போட்டு, பழைய பாகங்களைச் சுத்தம் செய்கிறது. ஆன்டிமால்வேர் சர்வீஸ் என்று தெரிவது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர்; அது புதிதாக வந்த கோப்புகளைப் பரிசோதிக்கிறது. சர்ச் இண்டெக்ஸர் உங்கள் கோப்புகளுக்கான தேடல் பட்டியலைப் புதுப்பிக்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறந்தால், எத்தனை கோப்புகள் முடிந்திருக்கின்றன என்ற எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அந்த எண் நின்றதும் சர்ச் இண்டெக்ஸரின் ஓட்டமும் அடங்கும்.

சர்வீஸ் ஹோஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் சேவைகளுக்கான (சர்வீஸ்) கூடுதான் சர்வீஸ் ஹோஸ்ட். முன்பெல்லாம் பல சேவைகளை ஒரே கூட்டுக்குள் அடைத்து ஓட்டினார்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது விழாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஐம்பது அறுபது வரிகள் தெரிந்தாலும் பதற வேண்டாம்.

இந்த வேலைகளில் பல, நீங்கள் கணினியைத் தொடாத நேரம் பார்த்துத்தான் ஓடும். ஃபேன் இரைகிறதே என்று மூடி வைத்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அதனால் ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுமை வேண்டும். டிஸ்க் 100% என்று காட்டுவது அங்கே சகஜம்.

சரி, பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடலாமா? கூடாது. யார் வேண்டுமானாலும் தன் நிரலுக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்து, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். 'சிஸ்டம்32-க்கு (விண்டோஸின் முக்கியக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) வெளியே இருந்தால் வைரஸ்' என்று யூடியூபில் சொல்வதை நம்ப வேண்டாம். மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் இருக்கும். ஆன்டிமால்வேர் சர்வீஸ் புரோகிராம்டேட்டாவுக்குள் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டரில் இருக்கும். இரண்டும் அசல்தான். ஆனால் சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரில் ஒன்று உங்கள் யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள் இருந்தால், அது நிச்சயம் விண்டோஸுடையது அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் இதை நேரிலேயே பார்த்தேன். கணினியில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். டாஸ்க் மேனேஜரைத் திறந்த அடுத்த நொடி அமைதியாகிவிடும். மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒளிந்துகொள்ளும் கிரிப்டோ மைனர் அது, அதாவது அடுத்தவர் கணினியின் சக்தியைத் திருடி கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரல். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், லைசென்ஸ் வாங்காமல் அதை ஏமாற்றும் ஏதோ ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டியிருக்கிறார், இதுவும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கணினியில்தான் கடைக்காரரின் நெட் பேங்கிங்கும் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டோம், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றினோம். உங்களுக்கும் யாராவது இப்படி ஆக்டிவேட்டர் போட்டுத்தான் அப்கிரேட் செய்து கொடுத்தார்கள் என்றால், மேலே நான் சொன்ன ஆறுதல் எதுவும் செல்லாது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஓடும் நிரல்களை விரிவாகக் காட்டும், மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றிலும் யாருடைய டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது என்று காட்டும். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றின் கையெழுத்து, கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் இருப்பதால் அங்கே தெரியாது. அதே ஆப்ஷன்ஸ் மெனுவில் வைரஸ்டோட்டல் (பல ஆன்டிவைரஸ்களின் முடிவைச் சேர்த்துக் காட்டும் இணையச் சேவை) சோதனையும் உண்டு, சாதாரணமாக அது உங்கள் கோப்பை அனுப்பாமல் அதன் ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, மட்டும் அனுப்பிச் சரிபார்க்கும்.

நிறுத்தக்கூடியவையும் இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தில் டீம்ஸ், ஒன்டிரைவ், ஃபோன் லிங்க் போன்றவற்றில் நீங்கள் பயன்படுத்தாததை டிஸேபிள் செய்யலாம். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் ஒன்டிரைவில் வைத்திருந்தால் ஒன்டிரைவை மட்டும் டிஸேபிள் செய்யாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் ஆகியும் வேகம் திரும்பவில்லை என்றால் பழைய விண்டோஸுக்கே போக வழி இருக்கிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, 'கோ பேக்'. சாதாரணமாக 10 நாள்தான் அவகாசம். அதற்குள் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்து அழித்துவிடாதீர்கள், பழைய விண்டோஸ் இருக்கும் அந்த ஃபோல்டர் போனால் 'கோ பேக்' வேலை செய்யாது.