தினமும் வெந்தயம் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

கொஞ்சம் குறையலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை விடும் அளவுக்கு இல்லை. 6 வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறவன் சொல்கிறேன்.

முதலில் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, விதையைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிடுவேன். மூன்று மாதம் இப்படி. சர்க்கரை அசையவில்லை, தொட்டியில் வெந்தயக்கீரை முளைத்ததுதான் மிச்சம்.

ஊறிய வெந்தயத்தை விரலில் நசுக்கினால் வழவழவென்று வரும் இல்லையா, அதில்தான் விஷயமே. கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து அது. வயிற்றுக்குள் கூழாகி, சோற்றுச் சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறவிடாமல் இழுத்துப் பிடிக்கும். அதில் பெரும்பங்கு விதையோடுதான் இருக்கிறது. நான் அதைச் செடிக்குப் போட்டிருக்கிறேன்!

அப்புறம் அளவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1990-ல் வந்தது. அதில் சர்க்கரை நன்றாகக் குறைந்தது உண்மை. ஆனால் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, நாளொன்றுக்கு 100 கிராம். நம் டீஸ்பூனில் 4 கிராம் வந்தால் அதிகம். 100 கிராம் தின்றால் நாக்கு செத்துவிடும்.

இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊறிய வெந்தயத்தை மென்று மோர் குடிக்கிறேன். மாத்திரையும் தொடர்கிறது. வெந்தயக்களியும் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் அதில் விழும் கருப்பட்டியைப் பார்த்தால் மருந்து என்று சொல்ல வாய் வராது.

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெந்தயத்தின் அளவைக் கூட்டினால் லோ சுகர் ஆகலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. சில வாரத்தில் என் பனியனில் சர்க்கரைப் பாகு வாசம். வியர்வையிலும் சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்தே போனேன். டாக்டர் சிரித்துவிட்டு, “வெந்தயம் சாப்பிடுறீங்களா?” என்றார். அதிலுள்ள சோடோலோன் என்ற பொருளின் வேலையாம். 2005-லிருந்து நியூயார்க்கில் அவ்வப்போது இதே மாதிரி இனிப்பு வாசம் வீசி ஊரே குழம்பியது. 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள்: ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலை.