10 வினாடிக் கோடு மோஹோ அல்ல

வணக்கம் தம்பி. ஐபீரியாவின் (ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய தீபகற்பம்) மேற்குக் கடலோர நிலஅதிர்வுப் படத்தில், ஒலியலை போய்த் திரும்பும் நேரக் கணக்கில், கடலடி 5 வினாடியிலும், அழுத்தமான இன்னொரு கோடு 10 வினாடியிலும் தெரிவதாக எழுதி, அதை மோஹோ (புவியின் மேலோட்டுக்கும் அதற்குக் கீழுள்ள கவசத்துக்கும் இடையிலான எல்லை) எனக் குறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறிக்க வேண்டாம். ஒலியலை கடலடிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே இருமுறை சென்று வந்தால், சரியாக இரட்டிப்பு நேரத்தில், அதாவது 10 வினாடியில்தான், கடலடியே மறுபடியும் ஒரு கோடாகப் பதிவாகும்; கடலடியின் சரிவுகள் அந்தக் கோட்டில் இரண்டு மடங்கு செங்குத்தாகத் தெரிகின்றனவா, அலையின் முனைமை (மேடு பள்ள வரிசை) தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இயல்பான கடல் மேலோடு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிமன் கொண்டது என்பதால், மோஹோவை வண்டலுக்கு அடியிலுள்ள அடித்தளப் பாறையின் உச்சியிலிருந்து சுமார் 2 வினாடி கீழே தேட வேண்டும். ஆனால் அங்கே அதுவும் அகப்படாமல் போகலாம். அந்தக் கடற்பகுதியின் சிறப்பே அதுதான். 1993-இல் அங்கே துளையிட்டபோது, கண்டம் பிளந்து மேலோடு மெலிந்து அறுந்த இடத்தில், கவசத்தின் பாறையான பெரிடோடைட்டே வண்டலுக்கு அடியில் கிடைத்தது. கடல்நீர் புகுந்து அது செர்பென்டைன் என்ற கனிமமாக மாறிய அளவுக்கு, வினாடிக்கு 8 கிலோமீட்டராக இருந்த அலைவேகம் மேல்நோக்கிப் படிப்படியாகக் குறைவதால், கூர்மையான எல்லை உருவாவதில்லை. ஆகவே பிரதிபலிப்புப் படத்தை மட்டும் நம்பாமல், கடலடிக் கருவிகளின் பதிவிலிருந்து பெற்ற வேக மாதிரியையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

காசிமேட்டில் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், நான் தண்டையார்பேட்டைதான். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தால், சேர்ந்தே சரிபார்க்கலாம்.