ஏரி, கண்மாய், கடல்: சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு பைக்கில் எட்டு நாள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஐந்து வயதான 150 சிசி பைக், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொங்கல் முடிந்ததும் எட்டு நாள் விடுப்பு. தாம்பரத்திலிருந்து கிளம்பி, டெல்டா கிராமங்கள், ஏரிகள், கடற்கரை எல்லாம் பார்த்துக்கொண்டே மனைவியுடன் தனுஷ்கோடி வரை போக ஆசை. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருக்கிறேன். இது சரியா? வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 300-ஐ பாதியாக்குங்கள். நாற்கரச் சாலையில் இருவர் 300 கிலோமீட்டர் போய்விடலாம். டெல்டாவின் ஊர்ச் சாலைகளில் ஆடு, பேருந்து நிறுத்தம், வேகத்தடை, டிராக்டர் எல்லாம் சேர்ந்து, டீக்கு நிற்பதையும் கணக்கில் எடுத்தால் மணிக்கு 30 முதல் 35 கிலோமீட்டர்தான் தேறும். ஜனவரியில் காலை ஆறரைக்குப் பிறகுதான் விடிகிறது, மாலை ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். வயல் பகுதியில் ஏழரை மணி வரை பனிமூட்டம் இருக்கலாம். வெளிச்சத்தில் ஓட்டக் கிடைப்பது ஒன்பது, பத்து மணி நேரம். பார்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நான்கு மணி நேரம் போனால் மிச்சத்துக்கு 150 முதல் 190 கிலோமீட்டர்தான் நியாயமான அளவு. இரவில் ஓட்டுவதைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். விளக்கு இல்லாமல் நெல்லும் கரும்பும் ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர் ஒன்று போதும்.

கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். காணும் பொங்கலன்று ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கமே போக வேண்டாம், மாமல்லபுரம் வரை கூட்டம் நெரியும். அடுத்த நாள் விடியற்காலை கிளம்புங்கள். காலண்டரில் தைப்பூசமும் தை அமாவாசையும் என்றைக்கு என்று பாருங்கள். தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசனம், அந்தப் பாதை அடைபடும். அதற்கு முந்தைய நாட்களில் காரைக்குடி, புதுக்கோட்டை பக்கம் பழனி பாதயாத்திரைக்காரர்கள் விடியுமுன்னே சாலையோரம் நடந்துகொண்டிருப்பார்கள். தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

பாதை

முதல் நாள் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி, சுமார் 150 கிலோமீட்டர். மரக்காணத்தில் உப்பளங்களையும் அதையொட்டிய கழுவேலி ஏரியையும் பாருங்கள். இந்தப் பருவத்தில் நீர் இருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். வண்டி எப்படி ஓடுகிறது, சுமை ஆடுகிறதா, முதுகு வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த நாள் சின்னதாக இருப்பதே நல்லது.

இரண்டாம் நாள் கும்பகோணம். பலரும் சிதம்பரம் வழியாக நேராகப் போய்விடுகிறார்கள். நீங்கள் கடலூரிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வந்து, அங்கிருந்து வீராணம் ஏரிக்கரைச் சாலையைப் பிடித்து லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் போங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. நிரம்பினால் 47.5 அடி. மழைக்குப் பின் வலது கைப்பக்கம் நீர் அலையடிக்கும். கரைச் சாலை குறுகல், ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் சரிவு. வளைவில் பேருந்து வந்தால் ஒதுங்க இடம் இருக்காது, 40-க்கு மேல் போகாதீர்கள். ஓடிக்கொண்டே ஏரியைப் பார்க்க வேண்டாம், நிறுத்திப் பாருங்கள். பிறகு கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை, கும்பகோணம். மொத்தம் 160 கிலோமீட்டர் அளவில் வரும்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 115 கிலோமீட்டர்தான். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரவு வேளாங்கண்ணியில் தங்குங்கள், வேதாரண்யத்தைவிட இங்கே விடுதிகள் அதிகம். வார இறுதியானால் மட்டும் முன்பதிவு தேவை.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் நெஞ்சு. விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கோடியக்கரையை எட்டலாம். சரணாலயத்தின் புல்வெளியில் வெளிமான்களைக் காலையில் பார்ப்பது எளிது, பத்து மணிக்குமேல் அவை நிழல் தேடிப் போய்விடும். திரும்பும்போது வேதாரண்யம் உப்பளங்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய கரை இது. பிறகு திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக வந்து பட்டுக்கோட்டையில் தங்கலாம். சுமார் 165 கிலோமீட்டர்.

ஐந்தாம் நாள் மனோரா கோட்டையில் தொடங்கி, கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டியே ராமநாதபுரம், ராமேஸ்வரம். 190 கிலோமீட்டர் வரும். காற்றும் வெயிலும் கூட்டு. தொண்டியிலிருந்து உள்ளே கொஞ்சம் திரும்பினால் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரைகூட பறந்து கடக்க முடியாத அகலமாம். நல்ல மழை பெய்த வருஷமானால் அந்தச் சுற்றுக்குப் பலன் உண்டு, பெய்யாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் நாள் வண்டிக்கும் உங்களுக்கும் ஓய்வு. காலையில் மட்டும் தனுஷ்கோடி போய் வாருங்கள். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏழாம் நாள் காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி, எட்டாம் நாள் நாற்கரச் சாலையில் 330 கிலோமீட்டர் சென்னை. அது அதிகம் என்று மனைவி நினைத்தால், திருச்சி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் வண்டியை ஏற்றிவிட்டு நீங்கள் ரயிலில் வரலாம். பெட்ரோலை முழுக்க வடிக்க வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், சாக்கு சுற்றிக் கட்ட வேண்டும். நீங்கள் வரும் ரயிலிலேயே வண்டியும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வண்டி

கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸ் விடுவதுதான் பெரிய தவறு. மெக்கானிக் சரியாக முறுக்காத போல்ட், ஒழுகும் வாஷர் எல்லாம் அடுத்த 100 கிலோமீட்டரில்தான் தெரியும். பத்து நாள் முன்பே முடித்துவிட்டு, உள்ளூரிலேயே 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

38,000 ஓடிய வண்டியில் முதல் சந்தேகம் செயின்மேல்தான். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பல் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ, செயினைப் பின்னால் இழுத்தால் பல்லிலிருந்து பாதி எழும்பி வந்தாலோ, டைட் பண்ணிப் பயனில்லை. செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். தொய்வு எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர். அதில் அதிகப் பக்கமே வையுங்கள். இருவரும் சுமையுமாக உட்காரும்போது பின் சக்கரம் மேலே ஏறி, செயின் இன்னும் இழுபடும். வெற்று வண்டியில் விறைப்பாக இருந்த செயின் அப்போது கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

டயர் காற்று ‘பார்த்தால் சரியாகத்தான் இருக்கு’ என்று விடக்கூடாதது. பல 150 சிசி வண்டிகளில் முன்னால் 25, பின்னால் ஒருவருக்கு 28, இருவருக்கு 32 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டிக்கு என்னவென்று ஸ்டிக்கரில் பாருங்கள். காலையில் டயர் சூடாகுமுன் பிடியுங்கள், பங்க் மீட்டரை நம்பாமல் காற்றழுத்தம் பார்க்கும் சின்ன காஜ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காற்று குறைந்தால் வளைவில் வண்டி நெளியும், டயரும் சூடேறும்.

ட்யூப்லெஸ் டயரானால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் போதும். ட்யூப் டயரானால் முன், பின் ட்யூப் ஒவ்வொன்று. கூடவே கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிளக், பிளக் ஸ்பேனர், ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, இன்சுலேஷன் டேப். புதிய கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி டேப் சுற்றி வைத்துவிட்டால், அறுந்தாலும் இரண்டு முனையை மாட்டினால் வேலை முடிந்தது. பிரேக் பேடும் ஷூவும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இருவர் எடையில் பின் பிரேக்குக்கு வேலை அதிகம்.

மொத்தம் 1,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 என்று வைத்தால் 35 லிட்டர் பெட்ரோல். டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். வேதாரண்யத்தில் நிரப்பிக்கொண்டு கோடியக்கரை, ராமேஸ்வரத்தில் நிரப்பிக்கொண்டு தனுஷ்கோடி.

சுமையும் பின்னால் இருப்பவரும்

இருவருக்கும் சேர்த்து 12 கிலோவுக்குள் கட்டுங்கள். சேடில் பை சைலன்ஸரில் படாமல் குறைந்தது நான்கு விரல் இடைவெளி வேண்டும், ஓடும்போது பை கீழிறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ரப்பர் கயிற்றின் கொக்கி கழன்று சக்கரத்தில் சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பட்டை இழுத்துக் கட்டும் பெல்ட்டே மேல். துப்பட்டாவும் முந்தானையும் தொங்கவே கூடாது, சாரி கார்டு இருந்தாலும் கூடாது. ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் இருவருக்கும். ஓட்டுபவருக்கு முன் பின்னால் இருப்பவருக்கு முதுகு வலிக்கும், அவர் சொல்லும்வரை காத்திராமல் 50 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

சாலையில் எது சறுக்கும்

நீங்கள் போகும் நாட்களில் சம்பா அறுவடை தொடங்கியிருக்கும். டெல்டாவில் நெல்லைச் சாலையிலேயே காயப்போடுவார்கள். நெல்மேல் ஏறினால் மணிகள் டயருக்கடியில் உருளும், பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நெல்லைத் தொடுமுன் பிரேக்கை விட்டு, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஒதுங்கிப் போக இடமிருந்தால் ஒதுங்குங்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. வைக்கோல் இன்னொரு வகை ஆபத்து. சக்கர அச்சிலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்ஸரில் ஒட்டினால் தீப்பிடிக்கும். வைக்கோல் பரப்பைத் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு உருவி எடுங்கள்.

மீன்பிடி ஊர்களில் மீன் வண்டியிலிருந்து வழியும் நீர் எண்ணெய்போல் வழுக்கும், குறிப்பாக வளைவுகளிலும் வேகத்தடை அருகிலும். ஏரிக்கரையில் மாலை ஐந்தரைக்குமேல் பூச்சிகள் கூட்டமாக முகத்தில் அடிக்கும், வைசரை இறக்கிவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஜனவரியில் வடகிழக்குக் காற்று, தீவுக்குப் போகும்போது இடப்பக்கத்திலிருந்து தள்ளும். 40 கிலோமீட்டரில், கைகளைத் தளர்வாக வைத்து ஓட்டுங்கள், பேருந்து ஒன்று காற்றை மறைத்துக் கடந்ததும் வண்டி ஒரு முறை உதறும். பாலத்தின் இரும்பு இணைப்புகளை நேராகக் கடக்க வேண்டும். புதிய ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். தனுஷ்கோடியைத் தாண்டிப் போகும் அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும், அங்கும் அதே நெல் விதிதான். வண்டியை மணலில் இறக்க வேண்டாம். ஸ்டாண்டு புதையும், உப்பு நீர் தெறிக்கும்.

மூன்றாம் நாளிலிருந்து உப்புக் காற்று செயினையும் பிரேக் டிஸ்க்கையும் வயர் கனெக்டர்களையும் அரிக்கத் தொடங்கும். இரவு விடுதியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு, செயின், சக்கரம், ஃபோர்க் குழாய் மூன்றையும் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு மட்டும் செயின் எண்ணெய் ஸ்ப்ரே அடியுங்கள். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. சென்னை திரும்பியதும் வாட்டர் சர்வீஸ் விடும்போது கனெக்டர்களிலும் சக்கர பேரிங்கிலும் நேராக வேகநீர் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். உப்பை உள்ளே தள்ளிவிடும்.