தோட்டத்து டே லில்லிக் குருத்தைச் சமைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலையோடு கொஞ்சம் மலைக்காய்கறியும் போடுகிறோம். வீட்டு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் டே லில்லி பத்துப் பதினைந்து தூர் இருக்கிறது. கொரியாவில் இதன் குருத்தைக் கீரை மாதிரி சமைப்பதை வீடியோவில் பார்த்தேன். நாங்களும் சாப்பிடலாமா? கால் ஏக்கரில் போட்டால் விற்குமா? ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடும் என் தம்பி, "அதுவும் லில்லிதானே, அதன் குருத்தும் ஆகுமா?" என்று கேட்கிறான்.

பதில்: அம்மா, தம்பியின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கண்வலிக்கிழங்கில் குருத்து, கிழங்கு, விதை எதையுமே வாயில் வைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. அதன் விதைக்கு மருந்துக் கம்பெனிகள் விலை கொடுப்பதே அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுப் பொருளுக்காகத்தான். லில்லி என்று பெயர் வைத்துக்கொண்ட செடிகள் பல உண்டு, எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. டே லில்லிகூட உண்மையான லில்லி இனத்தில் சேராது.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். கிழக்காசியாவில் இது வெகுகாலமாக அடுப்படிக்குப் போகிற செடி. கொரியாவில் வொன்ச்சுரி என்பார்கள். வசந்தம் பிறந்து பனி விலகியதும் மண்ணைக் கீறிக்கொண்டு வரும் குருத்தை வேகவைத்துப் பிழிந்து, பூண்டு, நல்லெண்ணெய், சோயா விழுது சேர்த்துப் பிசைவார்கள். ஜப்பானில் கன்சோ என்பார்கள்; புளிக்காடி கலந்த மிசோ என்ற புளித்த சோயா விழுதில் புரட்டிச் சாப்பிடுகிறார்கள். தைவானின் கிழக்குப் பகுதியில் வெயில் படாமல் மறைத்து, அடித்தண்டு வெண்மையாக வரும்படி வளர்க்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் பச்சைக்கல் மூங்கில் குருத்து என்று பொருள். சீனாவில் ஷான்சி மாகாணத்து தாதோங், ஹூனான் மாகாணத்து சிதோங் போன்ற இடங்களில் பெரிய அளவில் சாகுபடி நடக்கிறது. ஆனால் அங்கே முக்கிய வருமானம் குருத்தில் இல்லை. ஆவியில் வேகவைத்துக் காயவைத்த பூமொட்டில்தான்.

கீரையில் கிடைக்கும் நார்ச்சத்து, கரோட்டின் எல்லாம் இதிலும் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மறைத்து வளர்த்த வெள்ளைத் தண்டு மென்மையாக இருக்கும், ஆனால் பச்சைக் குருத்தின் அளவுக்குக் கரோட்டின் அதில் இருக்காது. சத்துக்காக என்றால் பச்சையாகவே வளருங்கள்.

டே லில்லிக் குருத்திலும் கோல்ச்சிசின் உண்டு என்று கொரிய உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கிறது. செடி வளர வளர அது கூடும். அதனால் இளங்குருத்து மட்டும்தான். வெறும் சூட்டில் இந்த நச்சு எளிதில் அழியாது. தண்ணீரில் கரைந்துதான் வெளியேற வேண்டும். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குருத்தை நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் குறைந்தது 2 மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள். இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுவது நல்லது. ரசம், சூப் என்று வேகவைத்த தண்ணீரை உபயோகிக்கவே கூடாது. முதல் நாள் ஆளுக்கு இரண்டு வாய் போதும். அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அடையாளம். கொரியாவிலேயே வெராட்ரம் என்ற விஷச்செடியை வொன்ச்சுரி என்று நினைத்துப் பறித்துச் சாப்பிட்டு நோய்வாய்ப்படுவோர் உண்டு. அதன் இலையில் ரோமமும் ஆழமான மடிப்பு மடிப்பான வரிகளும் இருக்கும். டே லில்லி இலை வழவழப்பானது. தரையை ஒட்டி உட்கார்ந்து ஒரு குருத்தைப் பாருங்கள்: இலைகள் எதிரெதிரே இரண்டு வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பாதி விரித்த விசிறி போல் நிற்கும். ஒவ்வொரு இலையும் நடுவில் மடிந்து வாய்க்கால் போல இருக்கும். தோண்டினால் வேரில் சின்னச் சின்னக் கிழங்கு தொங்கும். இவ்வளவு பார்த்தாலும், பூக்கும்போது குச்சி நட்டு அடையாளம் வைத்த தூரில் மட்டும்தான் குருத்து எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் மழை லில்லி, கிரைனம் இருந்தால் அவை உணவல்ல. குருத்து கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம்.

நர்சரியில் வாங்கிய செடியென்றால் ஒரு வருடம் போகட்டும். அலங்காரச் செடிக்கு அவர்கள் அடிக்கும் மருந்து, சாப்பிடுகிற பயிருக்கானது இல்லை. கலர் கலராக வரும் புதுக் கலப்பினங்களையும் சமைக்க வேண்டாம்.

வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. தூரைப் பிரித்து, தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள்; தொழு உரம் போதும். முதல் வருடம் கத்தி வைக்காதீர்கள். இரண்டாம் வருடம் குருத்து ஒரு சாண் உயரம் வருவதற்குள், மண்ணுக்குச் சற்றுக் கீழே, கொண்டை (வேரும் இலையும் சேரும் இடம்) சிதையாமல் அறுங்கள். அப்போதுதான் இலைகள் உதிராமல் கொத்தாக வரும். ஒரு தூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் செடி நொடிந்துவிடும். இலையில் மஞ்சள் பொடியாகத் துரு நோய் கண்டால் அந்த இலைகளை அறுத்து எரித்துவிடுங்கள்.

வீட்டில் பூனை இருக்கிறதா? டே லில்லியின் எந்தப் பாகத்தைத் தின்றாலும் பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடும். பாத்திக்கு வலை கட்டுங்கள்.

விற்பனைக்கு வருவோம். நம் மண்டியில் இதைக் கேட்டு வருகிற ஆள் இல்லை. ஊறவைக்கத் தெரியாதவர் கையில் போனால் ஆபத்தும் உண்டு. கால் ஏக்கர் வேண்டாம், இரண்டு பாத்தி போடுங்கள். சமைக்கத் தெரிந்தவர்கள் சென்னையில் உள்ள கொரிய உணவகங்களில் இருப்பார்கள். அங்கே மாதிரி காட்டி, வாங்குவதாக ஒப்புக்கொண்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொண்டு பிறகு பரப்பைக் கூட்டலாம். அதுவரை அந்தக் கால் ஏக்கரில் கேரட்டோ பீன்ஸோ இருக்கட்டும்.