நல்ல அரசன் கிடைத்தால் மன்னராட்சியே போதும்தானே?

"நேர்மையான ஓர் அரசன் இருந்தால் தேர்தல், கட்சி, கூட்டணி எதுவும் வேண்டாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜராஜனைப் பற்றி ஏதோ படித்த சூட்டில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். ஓர் அச்சகத்தில் 14 வருடம் கணக்கு எழுதியதில் அந்த ஆசை போய்விட்டது.

அச்சகத்துக்கும் அரியணைக்கும் என்ன சம்பந்தம் என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் பெரியவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் தாளை விரலால் தடவியே எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் எடையைச் சொல்லும் அளவு) என்று சொல்லிவிடுவார். ஃபோர்மேன் "ஐயா, இது சரியில்லை" என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார். அவர் இறந்ததும் சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வேலை ஒரு பாடநூல். மெல்லிய தாளே போதும் என்றார். ஃபோர்மேன் அச்சான தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரிகிறது, தம்பி" என்றார். சின்னவரைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர் அவர். "இனிமேல் தம்பி கிடையாது. சார் என்று கூப்பிடுங்கள்" என்று பதில் வந்தது. தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சடித்த மொத்தமும் திரும்பி வந்தது. ஃபோர்மேன் அந்த மாதமே நின்றுவிட்டார்.

நாட்டிலும் இதே கதைதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஏறக்குறைய 40 ஆண்டு ஆண்டான். அவனுக்குப் பின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்கே வந்துவிட்டது. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் 1700இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அடுத்தவர் யார் என்பதற்காக ஐரோப்பா பத்து வருடத்துக்கு மேல் போரிட்டது.

உடனே உத்திரமேரூர்க் குடவோலையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். அது ஊர்ச் சபை வாரியங்களுக்கு. அதிலும் நிலம் வைத்திருந்தவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. அரசனின் இருக்கைக்கு யாரும் ஓலை போடவில்லை. இங்கிலாந்தும் ஜப்பானும் இல்லையா என்றால், அங்கே அரசர் இருக்கிறார், ஆள்வதில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு முடியாட்சி கடைசியாக ஒப்புதல் மறுத்தது 1708இல். நேபாளத்தில் ஞானேந்திரா 2005இல் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்தார், 2008இல் முடியாட்சியே போய்விட்டது. நீங்கள் தேடும் நல்ல அரசன் பூட்டானின் நான்காவது மன்னர் என்று வைத்துக்கொள்ளலாம். அவரே முன்னின்று ஓர் அரசமைப்பை எழுத வைத்தார். 65 வயதில் மன்னர் பதவி விலக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அவருக்கே தன் வாரிசுகளை முழுதாக நம்ப மனமில்லை போலும்.

"தேர்தலிலும் வாரிசுகள்தானே நிற்கிறார்கள்?" என்பீர்கள். நிற்கிறார்கள், எனக்கும் எரிச்சல்தான். ஆனால் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்ப ஒரு நாள் குறித்திருக்கிறார்களே.

அச்சகப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இப்போதெல்லாம் தடித்த வரலாற்றுப் புத்தகங்களைக்கூட நூல் தைக்காமல் வெறும் பசையில் ஒட்டி விற்கிறார்கள். சோழர் முடிவதற்குள் முதுகு பிளந்து பல்லவர் உதிர்ந்துவிடுகிறார்கள். யாரிடம் முறையிடுவது?

அப்படி உதிர்ந்த ஒன்றைத் தைக்கக் கொடுக்கப் போனபோதுதான் அந்த ஃபோர்மேனை மறுபடி பார்த்தேன். சொந்தமாக பைண்டிங் கூடம் வைத்திருக்கிறார். கல்லாவில் ஒரு இளைஞன். "என் பையன்தான். எனக்கப்புறம் எல்லாம் இவன்தான்" என்றார். நான் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டேன்.