சவுரிக்கார அக்காவிடம் கேளுங்கள்: முடி ஏன் இடுப்போடு நின்றுவிடுகிறது?

ரங்கூனில் முப்பது வருடமாகச் சவுரி கட்டுகிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது, முடி தெரியும். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் பர்மா ஊர். கேளுங்கள்.

பெகு: முடி இடுப்பு வரை வந்து மூன்று வருடமாக அங்கேயே நிற்கிறது, அக்கா. என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

நிற்கவில்லை தங்கச்சி. தலைக்கு மை போடுகிறவர்களைப் பாருங்கள். மாதம் ஒரு சென்டிமீட்டர் வெள்ளை வேரில் எட்டிப் பார்க்கும். முடி வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முடிக்கும் ஆயுள் உண்டு. இரண்டு முதல் ஏழு வருடம் வளரும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், மூன்று மாதம் போலச் சும்மா இருந்துவிட்டு விழும். வருடத்துக்கு 12 சென்டிமீட்டர் என்று வைத்தால், நான்கு வருட முடி அரை மீட்டரைத் தொடாது. ஏழு வருட முடி 84 சென்டிமீட்டர். இந்த வருடக்கணக்கு பிறவியில் வருவது, எண்ணெயால் கூடாது.

ஆனால் உங்களுக்கு ஆயுள் முடிகிறதா, நடுவில் ஒடிகிறதா என்று முதலில் பாருங்கள். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் ஊசிமுனை அளவு வெள்ளைக் குமிழ் இருந்து, முடியும் நீளமாக இருந்தால் அது வயதாகி விழுந்தது. உங்கள் எல்லை அதுதான். குமிழே இல்லாத துண்டு துண்டு முடி என்றால் ஒடிகிறது. அப்படியானால் இன்னும் நீளம் எடுக்கலாம்.

என்னிடம் வரும் பின்னலை ஆணி நட்ட பலகையில் இழுத்து நீளவாரியாகப் பிரிப்பேன். 30 அங்குலப் பின்னல் என்று வாங்கினாலும் அந்த நீளம் முழுக்க வருவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் குட்டை. நுனி எலிவால் மாதிரி இருப்பது அதனால்தான்.

மோல்மேன்: தினம் எழுபது முடி கொட்டுகிறது. பயமாக இருக்கிறது.

ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் கொட்டும். எண்ணுவதை விடுங்கள்.

மாண்டலே: ஷாம்புவா, தயோ கின்பூனா?

கின்பூன் என்பது நம் சீயக்காய்தான். தயோ மரப்பட்டையை ஊறவைத்தால் வரும் கொழகொழப்பில் சிக்கு வழுக்கிக்கொண்டு போகும். எதில் குளித்தாலும் சரி, ஈரத்தலையில் சீப்பு வைக்காதீர்கள். ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், அப்புறம் அறுந்துவிடும். துண்டால் ஒற்றுங்கள், முறுக்க வேண்டாம். பாதி காய்ந்ததும் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள்.

சிரியம்: குழந்தை பிறந்து மூன்று மாதம். கொத்துக் கொத்தாகப் போகிறது.

கர்ப்பத்தில் விழாமல் நின்றவை இப்போது சேர்ந்து விழுகின்றன. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். சொட்டை சொட்டையாகத் தெரிந்தாலோ, களைப்பும் மூச்சுவாங்கலும் இருந்தாலோ டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள்.

தட்டோன்: நல்ல எண்ணெய் ஒன்று சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் ஊறும் என்று 2003ல் இந்தியாவில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் எண்ணெயையும் கூடப் பார்த்ததில், முடியின் புரதம் போவதைத் தேங்காய் எண்ணெய்தான் குறைத்தது. குளிக்கும் முன் தேயுங்கள். முடி ஒடிவது குறையும், வளர்வது கூடாது.

பெகு, இன்னொருவர்: மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று ஏன் சொல்லவில்லை? என் மகனுக்கு மூன்று மொட்டைக்குப் பிறகுதான் முடியே வந்தது.

வராது என்பதால் சொல்லவில்லை. கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, வேர் கீழே இருக்கிறது. மேலே நடந்தது வேருக்குத் தெரியாது. புது முடியின் நுனி கூர்மையாக இருக்கும். வழித்தால் நுனி மழுங்கி நிற்கும், தடவினால் முரடாகத் தெரியும், அவ்வளவுதான். ஷின்பியூ என்ற பௌத்தத் துறவுச் சடங்கில் இந்த நாட்டுப் பையன்கள் தலை வழிக்கிறார்களே, அப்படியானால் பர்மாவில் வழுக்கை ஆளே இருக்கக்கூடாது.

அதே பெகு: அது அப்பா வழி வழுக்கை. அது வேறு கணக்கு!

அப்பா வழி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே! நானும் அதைத்தான் சொல்கிறேன், பிறவிக் கணக்கு.

சிரியம், ஒரு பாட்டி: நாங்கள் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம்!

பாட்டி, ஒரு வயதில் பூனை முடி, நான்கு வயதில் கருகரு முடி. மொட்டை போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தானே ஆகிறது? நேர்த்திக்கடன் சாமிக்கும் உங்களுக்கும் உள்ளது. அதை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

மாண்டலே: நுனியை மாதா மாதம் வெட்டினால் வேகமாக வளருமா?

இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். வளராது. பிளந்த நுனியை வெட்டினால் பிளவு மேலே ஏறாது, அந்த லாபம் உண்டு. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதை மாதா மாதம் வெட்டினால் நீளத்துக்கு என்ன மிஞ்சும்?

ரங்கூன்: கடையில் வேலை, தினமும் இறுக்கிக் கொண்டை போடுகிறேன். நெற்றி ஏறுகிறது.

உடனே தளர்த்துங்கள். வருடக்கணக்கில் இழுபட்டால் வேரே செத்துவிடும், அப்புறம் திரும்பாது. சவுரி விற்கிற நானே சொல்கிறேன், கனமான சவுரியைத் தினமும் தொங்கவிடாதீர்கள்.

பெகு, முதலில் கேட்ட தங்கச்சி: துணியில் பரப்பிப் பார்த்தேன் அக்கா. முக்கால்வாசி துண்டு துண்டாக இருக்கிறது, குமிழ் இல்லை. குளித்ததும் சீவுவேன்.

பார்த்தீர்களா!