“நான் சொன்னேன், யாரும் கேட்கல”: மருத்துவக் குழு வேலை பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் ஒரு மயக்க மருத்துவர்.

கேள்வி (ஹவுஸ் சர்ஜன்): மேடம், ‘சூழல் விழிப்புணர்வு’ என்று வகுப்பெடுத்தார்கள். கவனமாக இரு என்பதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: கவனம் அதில் முதல் படி மட்டும்தான். மிக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை மூன்று படியாகப் பிரித்தார்: பார்ப்பது, பார்த்ததைப் புரிந்துகொள்வது, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்ஸ் 88, அடுத்த மணி நேரம் 104, அப்புறம் 122. பி.பி. 110/70. எல்லாம் சார்ட்டில் ஏறியாயிற்று. அது பார்ப்பது. பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விடாமல், யூரின் பையில் ஒன்றும் சேரவில்லை என்பதையும் சேர்த்து, உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று யோசிப்பது இரண்டாவது படி. உடம்பு பி.பி.யை முடிந்தவரை இழுத்துப் பிடிக்கும், விட்டால் ஒரேயடியாக விழும் என்று தெரிந்து இப்போதே ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி, சீஃபை (தலைமை டாக்டரை) கூப்பிடுவது மூன்றாவது. நான் பார்த்தவரை நம் வார்டுகளில் சார்ட் பக்காவாக இருக்கும். இடறுவது இரண்டாவது படியில்.

கேள்வி (தியேட்டர் நர்ஸ்): அனுபவமுள்ள பெரிய டாக்டர்களுக்குமா இது தவறும்?

பதில்: தவறும். 2005 மார்ச், இங்கிலாந்து. எலேன் ப்ரோமிலி, இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் ஆபரேஷனுக்கு வந்தவர். மயக்க மருந்து கொடுத்த பிறகு, மூச்சுக்காகத் தொண்டை வழியே போடும் டியூப் உள்ளே போகவில்லை. சில நிமிடங்களில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 40 சதவீதத்துக்கு இறங்கி, சுமார் 20 நிமிடம் அந்த மட்டத்திலேயே கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை: இரண்டு சீனியர் மயக்க மருத்துவர்கள், ஒரு காது மூக்கு தொண்டை சர்ஜன். டியூபும் போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று ஏறவில்லை என்றால் கழுத்தில் வழி திறக்க வேண்டும் என்பது மயக்க மருத்துவத்தில் அடிப்படைப் பாடம். ஆனாலும் திரும்பத் திரும்ப டியூபையே போட முயன்றார்கள். நேரம் ஓடுவது அவர்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு நர்ஸ், கழுத்தில் வழி திறப்பதற்கான டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, இதோ இருக்கிறது என்று சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், நாம்தான் பதறிவிட்டோமோ என்று நினைத்து அதை ரத்து செய்துவிட்டார். எலேன் 13 நாட்களில் இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லி அவர் கிளம்பவில்லை. இப்படிப்பட்ட தவறுகள் எப்படி நேர்கின்றன என்று மருத்துவத் துறையே ஆராய்வதற்காக 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

எனக்கு இதில் உறுத்துவது அந்த நர்ஸ்கள். நிலைமை புரிந்த ஆட்கள் அதே அறையில் இருந்திருக்கிறார்கள், ஆனால் அது முடிவெடுப்பவர் காதில் ஏறவில்லை.

கேள்வி (அதே நர்ஸ்): அந்த இடத்தில் நான் இருந்தால் சீஃபிடம் எப்படிச் சொல்வது? ‘ரொம்பத் தெரியுமோ’ என்று கேட்பாரே.

பதில்: ஜாடை பேச்சு வேண்டாம். ‘சார், செட் இங்கே இருக்கு’ என்றால் பதற்றத்தில் இருப்பவருக்கு அது சத்தம், அவ்வளவுதான். எண்ணையும், உங்கள் பயத்தையும், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘சார், சாச்சுரேஷன் 40. நாலு நிமிஷம் ஆச்சு. எனக்குப் பயமா இருக்கு. கழுத்துல போயிடலாமா?’ பதில் வரவில்லையா, அதையே இன்னொரு தடவை உரக்க. அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த சீனியரைக் கூப்பிடுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் குழுப் பயிற்சியில் இந்த ‘இரண்டு தடவை’ ஒரு விதியாகவே இருக்கிறது.

திட்டு விழாது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அதை மாற்ற வேண்டியது சீஃப்தான். காலையில் முதல் கேஸுக்கு முன்னால் ‘நான் எதையாவது விட்டா சொல்லிடுங்க’ என்று அவர் வாயால் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி (சர்ஜன்): ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் ஆபரேஷனா, பஞ்சாயத்தா?

பதில்: முடிவு உங்களுடையதுதான் சார், அதில் யாரும் பங்கு கேட்கவில்லை. உங்கள் கண் வயிற்றுக்குள் இருக்கும்போது மானிட்டரையும், உறிஞ்சிய ரத்தம் சேரும் சக்ஷன் பாட்டிலையும், கடிகாரத்தையும் பார்ப்பது வேறு ஆட்கள். பாட்டிலில் ஒன்றரை லிட்டர் ரத்தம் என்று சொல்ல ஒருவர் தயங்கினால் உங்கள் முடிவுதான் தப்பாகும்.

கேள்வி (ஐ.சி.யூ. நர்ஸ்): ஒருவருக்கு அரெஸ்ட் வந்தால், அதாவது இதயம் நின்றுபோனால், எங்கள் ஐ.சி.யூ. சந்தைக்கடை ஆகிவிடுகிறது.

பதில்: தலைமை ஏற்பவர் எதிலும் கை வைக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நிற்கட்டும். ‘யாராவது அட்ரினலின் போடுங்க’ என்றால் இரண்டு பேர் போடுவார்கள், இல்லை ஒருவரும் போடமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் ‘அட்ரினலின் ஒரு மில்லிகிராம்’ என்று திருப்பிச் சொல்லி, போட்டதும் ‘போட்டாச்சு’ என்று அறிவிக்க வேண்டும். நேரம் பார்க்க மட்டும் தனி ஆள்: 2 நிமிடத்துக்கு ஒரு தடவை ரிதம் (இதயத் துடிப்பின் சீர்) பார்க்க, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அட்ரினலின். வேடிக்கை பார்ப்பவர்கள் வெளியே.

கேள்வி (தியேட்டர் டெக்னீஷியன்): ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குழுவாகச் சரிபார்த்து டிக் போடும் சர்ஜரி செக்லிஸ்டால் நிஜமாகவே பலன் உண்டா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்குக் குறைந்தது. கனடாவின் ஒண்டாரியோவில் மாகாணம் முழுக்கக் கட்டாயமாக்கியபோது சொல்லும்படி எதுவும் குறையவில்லை. நோயாளி உள்ளே வருமுன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைக்கும் தியேட்டர்களைப் பார்த்திருப்பீர்களே.

கேள்வி (நோயாளியின் மகள்): அப்பாவுடன் வார்டில் தங்குகிறேன். நாங்கள் சொன்னால் எடுபடுமா?

பதில்: எடுபட வேண்டும். இங்கிலாந்தில் மார்த்தா என்ற 13 வயதுப் பெண் இறந்த பிறகு, குடும்பத்தாரே தீவிர சிகிச்சைக் குழுவைக் கூப்பிடும் முறை 2024இல் தொடங்கியது. உங்கள் வார்டில் அப்படி வசதி இல்லாவிட்டாலும், ‘அப்பாவுக்கு என்னமோ மாதிரி இருக்கு’ என்று நிறுத்தாமல் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்: ‘மதியம் வரை நல்லாப் பேசினார், ஆறு மணியிலிருந்து என்னையே யாருன்னு கேட்கிறார்.’ திடீர்க் குழப்பம் பெரிய அறிகுறி. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சையும் எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று உட்கார வேண்டாம், உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.